மந்திரி ஆவதற்கு முன்அனுபவம் வேண்டுமா?

தறியில் உட்கார வேண்டுமானால் நெசவு தெரிந்திருக்க வேண்டும். பூட்டுச் செய்ய வேண்டுமானால் அரம் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பஸ் ஓட்ட லைசென்சு வேண்டும். ஊசி போட டாக்டர் பட்டம் வேண்டும்.

நாட்டை ஆள என்ன வேண்டும்?

இந்தக் கேள்விக்குச் சட்டம் சொல்லும் பதில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். சட்டம் விலக்கி வைத்தவராக இருக்கக் கூடாது. அவ்வளவுதான்! பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட் வேண்டாம். முன்பு எந்தப் பதவியிலும் இருந்திருக்க வேண்டாம்.

"இது நியாயமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆபீசில் பியூன் வேலைக்குக்கூடப் படிப்புக் கேட்கிறார்களே, மந்திரி வேலைக்குக் கேட்க வேண்டாமா என்பது அவர்கள் வாதம். "நேற்று வந்தவருக்கு நிர்வாகம் எப்படித் தெரியும்?" என்று அவர்கள் கேட்கிறார்கள்.

"நாற்பது வருஷம் நாற்காலியில் இருந்தவர்கள் என்ன சாதித்துவிட்டார்கள்?" என்று எதிர்த்தரப்பினர் திருப்பிக் கேட்கிறார்கள்.

தேர்தல் வந்தால் டீக்கடையிலும் திண்ணையிலும் கேட்கும் வழக்கு இது. இந்த வழக்கில் திண்டுக்கல் மக்கள் ஒரு முறை தீர்ப்பே சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பைத் தமிழ்நாடு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

ஏழு மாதக் கட்சி

திண்டுக்கல் பாராளுமன்றத் தொகுதியில் 1971-ம் ஆண்டு தி.மு.க. வெற்றி பெற்றது. அந்த உறுப்பினர் காலமானார். அதனால் 1973-ம் ஆண்டு மே மாதம் இடைத்தேர்தல் வந்தது.

அப்போது அ.தி.மு.க. பிறந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர்., 1972-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அந்தக் கட்சியைத் தொடங்கினார். அது அதுவரை எந்தப் பெரிய தேர்தலையும் சந்தித்தது இல்லை.

வேட்பாளர் மாயத்தேவர் ஒரு வக்கீல். முன்பு பாராளுமன்றத்துக்குப் போனவர் அல்ல. அவருக்குக் கிடைத்த சின்னம் இரட்டை இலை. இன்று பட்டிதொட்டி எங்கும் தெரிந்த அந்தச் சின்னம், முதல் முதலாக மக்கள் முன் வந்தது திண்டுக்கல்லில்தான்.

எதிரே நின்றவர்கள் சாமானியர்களா? மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்த தி.மு.க. ஒரு பக்கம். காமராஜரின் பழைய காங்கிரஸ் ஒரு பக்கம். டெல்லியை ஆண்ட இந்திரா காங்கிரஸ் ஒரு பக்கம். மூன்றும் ஆட்சி நடத்திப் பழகியவர்களின் கட்சிகள்.

முடிவு என்ன?

மாயத்தேவர் ஏறத்தாழ 2 லட்சத்து 60 ஆயிரம் ஓட்டுகள் பெற்றார். இரண்டாவதாக வந்த பழைய காங்கிரசைவிட ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஓட்டுகள்! ஆளும் தி.மு.க. மூன்றாவது இடத்துக்குப் போனது.

சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் நாகல் நகரும், பூட்டுத் தொழிலாளரும் தோல் தொழிலாளரும் நிறைந்த திண்டுக்கல் நகரமும், சுற்றியுள்ள கிராமங்களும் சேர்ந்த தொகுதி அது. வேலை கற்காதவனிடம் தறியைக் கொடுக்காத ஜனங்கள், ஏழு மாதக் கட்சியிடம் தங்கள் தொகுதியைக் கொடுத்தார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தார்களா? இல்லை என்பதே இந்த வழக்கின் முக்கியமான விஷயம்.

கட்சி புதிது, ஆள் புதிதல்ல

எம்.ஜி.ஆரை வெறும் நடிகர் என்று அன்று கேலி செய்தவர்கள் உண்டு. அவருடைய புகழ் சினிமாவில் வந்தது என்பதும் உண்மை. ஆனால் அவர் நேற்று மேக்கப்பைக் கலைத்துவிட்டு இன்று மேடை ஏறியவர் அல்ல.

1953-ம் ஆண்டு தி.மு.க.வில் சேர்ந்தவர். 1962-ல் சட்ட மேல்சபை உறுப்பினர் ஆனவர். 1967-லும் 1971-லும் பரங்கிமலைத் தொகுதியில் நின்று சட்டசபைக்கு வந்தவர். கட்சியின் பொருளாளராகவும் இருந்தவர். ஊர் ஊராகச் சென்று கட்சிக்கு ஓட்டுக் கேட்டவர்.

ஆக, 1973-ல் புதியதாக இருந்தது கட்சியின் பெயர்தான். அதன் தலைவரை மக்கள் இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மந்திரி பதவி அனுபவம் அவருக்கு இல்லை. பொதுவாழ்வு அனுபவம் இருந்தது. இரண்டும் ஒன்றல்ல! பதவி அனுபவம் கோட்டைக்குள் கிடைப்பது. பொதுவாழ்வு அனுபவம் தெருவில் கிடைப்பது. முன்னது இல்லாதவரை மக்கள் மன்னிக்கிறார்கள். பின்னது இல்லாதவரை அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை.

இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

நடிப்பில் சிவாஜி கணேசனுக்கு நிகர் யார்? காங்கிரஸ் மேடைகளில் பல வருஷம் பேசியவரும்கூட. ஆனால் 1988-ல் தனிக் கட்சி கண்டு, 1989-ல் திருவையாற்றில் நின்றபோது அவரே தோற்றார். கமல்ஹாசன் 2018-ல் கட்சி தொடங்கி, 2021-ல் கோவை தெற்கில் நின்று தோற்றார். விஜயகாந்த் 2005-ல் கட்சி தொடங்கினார். 2006-ல் அவர் கட்சியில் வென்றவர் அவர் ஒருவர்தான். ஆனாலும் 2011-ல் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார்.

நடிகர் என்ற ஒரே காரணத்துக்காகத் தமிழ்நாடு எல்லோருக்கும் ஓட்டுப் போட்டதும் இல்லை. நடிகர் என்ற காரணத்துக்காக யாரையும் ஒதுக்கியதும் இல்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் எடை போட்டிருக்கிறது.

இதே தொகுதியில் ஒரு டாக்டர்

"அப்படியானால் படித்தவர்களை மக்கள் மதிப்பதில்லையா?" என்று ஒருவர் கேட்கலாம். அதற்கும் திண்டுக்கல்லே பதில் சொல்லும்.

டாக்டர் சௌந்தரம் அம்மையார் பெரிய தொழிலதிபரான டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகள். சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். அதோடு வாழ்க்கை முடிந்துவிட்டது என்று மூலையில் உட்காரவில்லை. டெல்லி சென்று மருத்துவம் படித்தார். 1940-ல் காந்தியவாதி ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார்.

பட்டணத்தில் ஆஸ்பத்திரி வைத்திருந்தால் பணம் குவிந்திருக்கும். அம்மையார் வந்தது சின்னாளபட்டிக்குப் பக்கத்தில். 1947-ல் கணவருடன் சேர்ந்து காந்திகிராமத்தை உருவாக்கினார். கிராமத்துத் தாய்மார்களுக்கு மருத்துவமும், பிள்ளைகளுக்குப் படிப்பும், பெண்களுக்குக் கைத்தொழிலும் அங்கிருந்து கிடைத்தன.

அதன் பிறகுதான் ஓட்டுக் கேட்டு வந்தார். சட்டசபைக்கு இரண்டு முறை மக்கள் அனுப்பினார்கள். 1962-ல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்கே அனுப்பினார்கள். மத்திய சர்க்காரில் கல்வித் துறைத் துணை மந்திரியாகவும் இருந்தார்.

அம்மையாருக்குப் பட்டம் இருந்தது. ஆனால் பட்டத்துக்காகவா மக்கள் ஓட்டுப் போட்டார்கள்? அந்தப் பட்டத்தைக் கொண்டு என்ன செய்தார் என்பதற்காகத்தான் போட்டார்கள். பெட்டியில் பூட்டி வைத்த பட்டத்துக்குப் பொதுவாழ்வில் மதிப்பு இல்லை.

வக்கீலையும் டாக்டரையும் தேர்ந்தெடுத்தது ஒரே தொகுதிதான். காரணம் மட்டும் வேறு வேறு.

படிக்காத மேதை

படிப்பு, பதவி என்ற பேச்சு வந்தால் காமராஜரை மறக்க முடியுமா?

விருதுநகரில் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். 1954-ல் சென்னை மாகாண முதல்-மந்திரி ஆனார். அதற்கு முன் அவர் ஒரு நாள்கூட மந்திரியாக இருந்ததில்லை. பதவி ஏற்றபோது சட்டசபை உறுப்பினர்கூட இல்லை. பிறகுதான் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வென்றார். உறுப்பினர் அல்லாத ஒருவர் மந்திரியானால், ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும் என்பது சட்டம்.

காகிதத்தை மட்டும் பார்த்தால், காமராஜரிடம் தகுதி எதுவும் இல்லை!

ஆனால் காகிதத்தில் ஏறாத தகுதிகள் இருந்தன. ஏறத்தாழ ஒன்பது வருஷம் சிறையில் இருந்திருந்தார். 1940 முதல் தமிழ்நாடு காங்கிரசின் தலைவராகக் கட்சியைக் கட்டிக் காத்திருந்தார். எந்த ஊரில் எந்தக் கண்மாய் வற்றும், எந்தக் கிராமத்துக்குப் பாதை இல்லை என்பதை நடந்து தெரிந்துகொண்டிருந்தார்.

அவர் பதவியை எப்படிப் பார்த்தார் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1941-ல் அவர் சிறையில் இருந்தபோது விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்தார். முழு நேரமும் உழைக்க முடியாத பதவியை வைத்திருப்பது முறையல்ல என்று உடனே ராஜினாமா செய்துவிட்டார். கிடைத்த பதவியை விடத் தெரிந்தவருக்குத்தான் பதவி கொடுக்கலாம் என்று மக்கள் நினைத்ததில் என்ன தப்பு?

முதல்-மந்திரி ஆனதும் காமராஜர் என்ன செய்தார்? தலைவர் தேர்தலில் தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சி.சுப்பிரமணியத்தையே மந்திரி ஆக்கினார். கல்வி இலாகாவும் நிதி இலாகாவும் அவரிடம் இருந்தன. பொதுக் கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு போன்ற அதிகாரிகளின் யோசனையைக் கேட்டார். பட்டம் பெற்றவர்கள் கணக்குப் போட்டார்கள். படிக்காதவர் முடிவு எடுத்தார். பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு வந்தது.

தமக்கு என்ன தெரியாது என்பது காமராஜருக்குத் தெரிந்திருந்தது. தலைவனுக்கு இதைவிடப் பெரிய படிப்பு இல்லை.

சட்டம் ஏன் கேட்கவில்லை?

அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் பெரிய படிப்பாளிகள். அவர்கள் இதை யோசிக்காமல் விட்டுவிடவில்லை.

1949-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி அரசியல் சட்டம் ஏற்கப்பட்டது. அன்று அரசியல் நிர்ணய சபைத் தலைவர் ராஜேந்திர பிரசாத் பேசினார். சட்டத்தை நடத்தி வைக்கும் அதிகாரிக்குத் தகுதி கேட்கிறோம், சட்டத்தைச் செய்யும் உறுப்பினருக்குத் தகுதி எதுவும் வைக்க முடியவில்லையே என்ற வருத்தத்தை அவர் சபையிலேயே தெரிவித்தார்.

அவர் வருத்தம் நியாயமானதுதான். ஆனால் அன்றைய நாட்டு நிலைமை என்ன?

வெள்ளையர் ஆட்சியில் சொத்து உள்ளவருக்கும், வரி கட்டுபவருக்கும், படித்தவருக்கும்தான் பெரும்பாலும் ஓட்டு இருந்தது. மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். 1951-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர். படிப்பைத் தகுதியாக வைத்திருந்தால், 82 பேருக்குக் கதவை அடைத்ததாக ஆகியிருக்கும்.

அவர்கள் படிக்காமல் இருந்தது அவர்கள் குற்றமா? ஊரில் பள்ளிக்கூடம் இல்லை. இருந்த பள்ளிக்கூடத்திலும் எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்கவில்லை. முதலில் படிக்க விடாமல் தடுத்துவிட்டு, பிறகு "நீ படிக்கவில்லை" என்று சொல்லிப் பதவியையும் தடுப்பது இரட்டைத் தண்டனை அல்லவா?

அதனால்தான் 21 வயது வந்த எல்லோருக்கும் அன்று ஓட்டு வந்தது. இப்போது அந்த வயது 18. முதல் பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்தார்கள். பெட்டியில் சின்னம் ஒட்டியிருந்தது. எழுத்துத் தெரியாதவரும் சின்னம் பார்த்து ஓட்டுப் போட்டார். எழுத்துத் தெரியாதவர் நாட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கலாம் என்றால், அவரே தேர்தலில் நிற்கவும் உரிமை உண்டு என்பதுதானே நீதி?

தடை போட்ட மாநிலங்கள்

இந்த யோசனையை மாற்றிப் பார்த்த மாநிலங்களும் உண்டு.

ராஜஸ்தானில் பஞ்சாயத்துத் தேர்தலுக்குக் கல்வித் தகுதி கொண்டு வந்தார்கள். 2015-ல் அரியானாவும் அதே வழியில் சென்றது. பொதுப் பிரிவு ஆண்கள் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் அதைவிடக் குறைந்த வகுப்பு. அந்தச் சட்டம் செல்லும் என்று 2015-ம் ஆண்டு டிசம்பர் மாதம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

கோர்ட்டு செல்லும் என்று சொல்லலாம். நல்லதா என்பது வேறு கேள்வி. ஊர்க் கிணற்றுக்கும் தெரு விளக்கும் பள்ளிக்கூடக் கூரைக்கும் பொறுப்பு ஏற்க வந்த பாட்டிமார் பலர் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. ராஜஸ்தான் 2019-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது.

தமிழ்நாடு வேறு பாதையில் சென்றது. 1996-ல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. 2016-ல் அது பாதியாக உயர்த்தப்பட்டது. திண்டுக்கல் மாவட்டத்திலும் மற்ற மாவட்டங்களிலும் அடுப்படியிலும் வயலிலும் இருந்த எத்தனையோ பெண்கள் பஞ்சாயத்துத் தலைவி நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவர்களில் பலருக்கு அதுதான் முதல் பதவி.

"முன்அனுபவம் இருந்தால்தான் பதவி" என்று சட்டம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பதவி கிடைக்காமல் அனுபவம் வராது. அனுபவம் இல்லாமல் பதவி கிடைக்காது. தண்ணீரில் இறங்காமல் நீச்சல் கற்றுக்கொள் என்பது போன்ற கதைதான்!

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில பெண் தலைவிகளின் பெயரில் கணவனோ, மாமனாரோ அதிகாரம் நடத்தியதும் உண்டு. அதற்குக் காரணம் அந்தப் பெண்ணிடம் சர்ட்டிபிகேட் இல்லாதது அல்ல. முடிவு எடுக்க அவரை விடாததுதான்.

கலெக்டருக்குப் பரீட்சை, மந்திரிக்கு?

"கலெக்டர் ஆக எவ்வளவு கடினமான பரீட்சை! அந்தக் கலெக்டருக்கு உத்தரவு போடும் மந்திரிக்குப் பரீட்சையே இல்லையா?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள்.

உண்டு. மந்திரிக்கும் பரீட்சை உண்டு. அதை நடத்துபவர்கள் வேறு.

கலெக்டரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. பிடிக்கவில்லை என்று மக்கள் அவரை நீக்கவும் முடியாது. பல வருஷம் உத்தியோகத்தில் இருப்பார். ஆகவே உள்ளே விடுவதற்கு முன்பே அவருடைய அறிவைச் சோதித்துவிட வேண்டும்.

மந்திரியின் கதை அப்படி அல்ல. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை அவர் மக்கள் முன் கைகட்டி நிற்க வேண்டும். பரீட்சைத் தாளைத் திருத்துபவர் நெசவாளி. மார்க்குப் போடுபவர் பூட்டுத் தொழிலாளி. பெயில் ஆக்குபவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடியில் காத்து நின்ற தாய்.

இருவரின் வேலையும் வேறு. ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்து திண்டுக்கல்லுக்குத் தண்ணீர் வருகிறது. அந்தக் குழாய் எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்பது என்ஜினீயரின் வேலை. எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர், பணக்காரத் தெருவுக்கா, நெசவாளர் தெருவுக்கா என்பது மந்திரியும் மக்கள் பிரதிநிதியும் முடிவு செய்ய வேண்டியது. குழாயின் கணக்குக்குப் பட்டம் வேண்டும். தெருவின் கணக்குக்கு நியாய புத்தி வேண்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஒன்றுமே புரியாத மந்திரி, கீழே உள்ளவர்கள் நீட்டிய காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுவார். அப்போது ஆள்பவர் அவர் அல்ல. காகிதத்தை நீட்டியவர்தான்! பட்டம் இல்லாவிட்டாலும், "இது ஏன்? இதற்கு எவ்வளவு? இதனால் யாருக்கு நஷ்டம்?" என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அனுபவசாலி தோற்ற கதை

அனுபவம் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அமெரிக்காவில் அடுத்தடுத்து வந்த இரண்டு ஜனாதிபதிகளைப் பார்க்கலாம்.

1857-ல் ஜனாதிபதியான ஜேம்ஸ் புக்கானன் இரண்டு சபைகளிலும் உறுப்பினராக இருந்தவர். ரஷ்யாவிலும் பிரிட்டனிலும் தூதராக இருந்தவர். வெளிநாட்டு மந்திரியாகவும் இருந்தவர். அனுபவத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அடிமை முறைத் தகராறில் அவர் தடுமாறினார். அவர் பதவியை விட்டு இறங்குமுன் ஏழு மாநிலங்கள் நாட்டைவிட்டுப் பிரிந்துவிட்டதாக அறிவித்தன.

அவருக்குப் பின் 1861-ல் வந்தவர் ஆபிரகாம் லிங்கன். அவர் பள்ளிக்கூடம் போன நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஒரு வருஷம் தேறாது. 1847 முதல் 1849 வரை ஒரே ஒரு முறைதான் காங்கிரஸ் சபை உறுப்பினர். ஆனால் தாமாகவே படித்து வக்கீல் ஆனவர். உடைந்த நாட்டை ஒன்றாக்கியவர் அவர்தான். அடிமை முறையை ஒழிக்க வழி செய்தவரும் அவர்தான்.

அனுபவம் என்பது பழைய பூட்டு மாதிரி. எண்ணெய் போட்டுப் பழக்கத்தில் வைத்திருந்தால் நன்றாகத் திறக்கும். துருப்பிடித்துவிட்டால், எத்தனை வருஷத்துப் பூட்டு என்பதில் பெருமை இல்லை.

கற்றுக்கொள்ள மக்கள் கொடுக்கும் விலை

புதியவர்களை ஆதரிப்பவர்களும் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. பதவிக்கு வந்தபின் கற்றுக்கொள்ளும் தலைவருக்குப் பள்ளிச் சம்பளம் கட்டுவது மக்கள்தான்!

எம்.ஜி.ஆர். 1977-ல் முதல்-மந்திரி ஆனார். 1979-ல் அவர் சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. பிற்பட்ட வகுப்பினரில் வருஷ வருமானம் 9 ஆயிரம் ரூபாய்க்கு மேல் உள்ளவர்களுக்கு இடஒதுக்கீடு இல்லை என்பது அந்த உத்தரவு. மாநிலம் முழுவதும் எதிர்ப்புக் கிளம்பியது.

1980-ம் ஆண்டு ஜனவரி மாதம் பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. அ.தி.மு.க. இரண்டே இடங்களில்தான் வென்றது. திண்டுக்கல்கூடக் கைவிட்டுப் போனது. அந்த முறை தி.மு.க. பக்கம் நின்ற அதே மாயத்தேவர்தான் இங்கே வென்றார்!

எம்.ஜி.ஆர். என்ன செய்தார்? வருமான வரம்பு உத்தரவை ரத்து செய்தார். பிற்பட்ட வகுப்பினரின் இடஒதுக்கீட்டை 31 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தினார். அவருடைய ஆட்சி அந்த பிப்ரவரியில் கலைக்கப்பட்டது. ஆனாலும் சில மாதங்களில் நடந்த சட்டசபைத் தேர்தலில் மக்கள் அவரையே திரும்ப அனுப்பினார்கள்.

1982-ல் சத்துணவுத் திட்டம் வந்தது. "பணத்துக்கு எங்கே போவது?" என்று அறிந்தவர்கள் பலர் தயங்கினார்கள். இன்று அந்தத் திட்டத்தைக் குறை சொல்பவர் எத்தனை பேர்?

அவருடைய ஆட்சியில் எல்லாம் சரியாக நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. பூட்டிக் கிடந்த மதுக்கடைகள் 1981-ல் திறந்ததும் அவர் காலத்தில்தான். அந்தக் கதவை மூட இன்றுவரை தாய்மார்கள் போராடுகிறார்கள். கோட்டையில் இருப்பவர் தவறிய இடத்தில் அடி விழுவது குடிசையில்.

எனவே, புதியவரிடம் மக்கள் பார்க்க வேண்டியது, தவறே செய்யாதவரா என்பது அல்ல. தவறைத் திருத்திக்கொள்பவரா என்பதுதான்.

வாக்காளர் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

சட்டம் சர்ட்டிபிகேட் கேட்காது. ஆனால் வாக்காளர் கேட்கலாம். கேட்க வேண்டும்!

முதல் கேள்வி: ஓட்டுக் கேட்டு வருமுன் இந்த மனிதர் எங்கே இருந்தார்? வெள்ளம் வந்தபோது, நெசவாளிக்கு நூல் கிடைக்காதபோது, குழாயில் தண்ணீர் நின்றபோது ஊருக்காக ஒரு மனுவாவது எழுதினாரா?

இரண்டாவது கேள்வி: சுற்றி இருப்பவர்கள் யார்? தலைவருக்குத் தெரியாததைச் சொல்லித் தரும் அறிவாளிகளா, தலையாட்டும் பேர்வழிகளா?

மூன்றாவது கேள்வி: கையில் பணம் வந்தபோது எப்படி நடந்துகொண்டார்? சங்கமோ, கூட்டுறவுச் சொசைட்டியோ, கோவில் திருவிழாவோ, கணக்குக் காட்டியவரா, காட்டாதவரா?

நான்காவது கேள்வி: கேள்வி கேட்டால் பதில் சொல்கிறாரா, கோபப்படுகிறாரா?

இதற்கெல்லாம் வேட்பாளரின் பின்னால் துப்பறியப் போக வேண்டியதில்லை. சுப்ரீம் கோர்ட்டு 2002-லும் 2003-லும் அளித்த தீர்ப்புகளால் ஒரு பெரிய வசதி கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு வேட்பாளரும் தம் மீதுள்ள கிரிமினல் வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை யாரும் பார்க்கலாம். வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளை உரக்கப் படித்தால், குடும்பமே உட்கார்ந்து கேட்கலாம்.

இரண்டு வருஷமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்க முடியாது. தண்டனை முடிந்தபின்னும் ஆறு வருஷம் பொறுத்திருக்க வேண்டும். சட்டம் போட்ட வேலி இவ்வளவுதான். வேலிக்குள் வந்தவரில் நல்லவர் யார் என்று பொறுக்குவது மக்கள் வேலை.

மக்களுக்கும் அனுபவம் வேண்டும்

2024-ல் நடிகர் விஜய் கட்சி தொடங்கியதும், "அனுபவம் உண்டா?" என்ற பழைய கேள்வி மறுபடியும் எழுந்தது. அதற்கு முன்பும் எழுந்தது. இனிமேலும் எழும். நடிகர் வந்தால் மட்டும் கேட்டு, பெரிய குடும்பத்துப் பிள்ளை வந்தால் கேட்காமல் விட்டால் அது நியாயம் ஆகாது. பணக்காரர் வந்தாலும், உத்தியோகத்தை விட்ட அதிகாரி வந்தாலும், நாற்பது வருஷத் தலைவர் வந்தாலும் அதே நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

நாகல் நகர் நெசவாளி நூலை எப்படி வாங்குகிறார்? மேலே ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்து மட்டும் வாங்குவதில்லை. கையில் எடுத்து இழுத்துப் பார்க்கிறார். நைந்த இழையா, முறுக்கு நிற்கிறதா என்று சோதிக்கிறார். நூல் கெட்டுப் போனால் பாவு கெடும். பாவு கெட்டால் சேலை கெடும். சேலை கெட்டால் கூலி போகும் என்று அவருக்குத் தெரியும்.

பட்டம் ஒரு லேபிள். பழைய பதவியும் ஒரு லேபிள். சினிமாப் புகழும் ஒரு லேபிள்.

தலைவர்களுக்கு அனுபவம் வேண்டும் என்று சட்டம் போட வேண்டியதில்லை. இழுத்துப் பார்த்து வாங்கும் அனுபவம் வாக்காளருக்கு இருந்தால் போதும். அது இல்லாத நாட்டில் எவ்வளவு படித்தவர் மந்திரி ஆனாலும் பயன் இல்லை. அது இருக்கும் நாட்டில், புதியவர் வந்தாலும் பயம் இல்லை!